இடது குதிகால்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசி மாதம் நல்லரத்தினத்தின் முள்ளந்தண்டு முறிந்தது. கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே உள்ள வயல் வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நெல் மூட்டைகளை ஏற்றிய டிரக்டரை அவன் ஓட்டிக்கொண்டு வரும்போது ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வயலுக்குள் சுட்டது. அறுத்துக்கொண்டு நின்றவர்கள் வரம்போரம் விழுந்து படுத்தார்கள். மருத மரத்தடிக்குப் போய்விடலாம் என்று நினைத்து அவன் டிரக்டரைத் திருப்பினான். டிரக்டரின் சில்லு வாய்க்கால் கட்டின் மேல் ஏறிச் சரிந்தது. அவன் தெறித்து விழுந்தான். பின்னால் இழுத்து வந்த பெட்டி மூட்டைகளோடு அவன் முதுகின் மேல் கவிழ்ந்தது.

வெளியே எடுத்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றான். மாட்டுக் கரத்தையில் வைக்கோல் பரப்பி ஏற்றி, அம்பிளாந்துறையில் பாதைப் படகில் வாவியைக் கடந்து, செட்டிபாளையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், கொப்பறா போட்டுவைத்த பழைய கட்டடத்தைக் கழுவி வெள்ளையடித்து, முதுகு முறிந்தவர்களுக்கென்று ஒரு வார்ட்டு நடத்தியது. பொறுப்பாக இருந்தவர் டொக்டர் யோகராசா. மட்டக்களப்பில் பிறந்தவர்தான். இங்கிலாந்தில் நரம்பு நோய்களைப் படித்து, எல்லாரும் நாட்டை விட்டு ஓடிய காலத்தில் திரும்பி வந்தவர். வந்ததற்கு ஒரு ஆராய்ச்சி காரணம். முள்ளந்தண்டு வடம் நசுங்கியவர்களுக்கு முதல் மாதங்களிலேயே காலில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, சட்டத்தில் கட்டி நிறுத்திப் பயிற்சி கொடுத்தால் பிறகு நடக்கிறவர்களின் தொகை கூடுமா என்று அவர் அறிய விரும்பினார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மின்சாரமும் பயிற்சியும். மீதிப் பேருக்கு வழமையான பராமரிப்பு மட்டும். யாருக்கு எது என்பது சீட்டில் விழும். தானே ஆளைத் தெரிவு செய்தால் ஆராய்ச்சி பொய்யாகிவிடும் என்பார். அழுது கெஞ்சிய தாய்மாருக்கும் அதையே சொன்னார்.

நல்லரத்தினத்துக்கு மின்சாரம் விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த மீன்பிடிகாரன் தங்கராசாவுக்கு விழவில்லை. ஆனாலும் முதலில் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி நின்றது தங்கராசாதான். டொக்டர் அன்றைக்கு அவனைப் பாராட்டினார். முகம் மட்டும் அவ்வளவு சந்தோசமாக இல்லை.

நல்லரத்தினத்தின் மனைவி அன்னப்பூரணி அவனுடைய கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். கலியாணம் முடித்து ஒரு வருடம். முழுகாமல், பிள்ளை தரித்திருப்பது அவளுக்கு அந்த வார்ட்டில் வைத்துத்தான் தெரிந்தது. காலையில் சத்தி எடுத்துவிட்டு வந்து அவனைத் துடைப்பாள். புண் வராமல் புரட்டிப் போடுவது, சிறுநீர்க் குழாயைக் கொதிநீரில் போட்டெடுத்து ஏற்றுவது, மலத்தைக் கையுறை போட்ட விரலால் எடுப்பது எல்லாவற்றையும் தாதியிடம் பழகினாள். அருவருப்புப் பட்டதாக யாரும் காணவில்லை.

மூன்றாம் மாதம் அவனுடைய வலது கால் கட்டிலிலிருந்து கொஞ்சம் உயர்ந்தது. டொக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். இடது கால் செத்தபடியே கிடந்தது. ஊசியால் குத்தினாலும் அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு விடியற்காலை, இடது பெருவிரலில் போர்வை உரசுவதை நல்லரத்தினம் உணர்ந்தான். விரலை அசைத்துப் பார்த்தான். அசைந்தது. அன்னப்பூரணி கீழே நல்ல நித்திரை. டொக்டர் வந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லலாம் என்று சிரித்துக்கொண்டு கிடந்தான்.

டொக்டருக்கு முந்தி ஆமி வந்தது. முதல்நாள் ரோட்டில் கண்ணிவெடி வெடித்து அவர்களில் மூன்று பேர் செத்திருந்தார்கள். காயக்காரருக்குள் இயக்கப் பொடியன்மார் ஒளிந்திருப்பதாக யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலாக வந்தார்கள். நல்லரத்தினத்தின் போர்வையைத் தூக்கி, காலைப் பார்த்து, ஒருவன் தமிழில் கேட்டான்.

"நடக்கிறதா?"

"இல்ல சேர். ஏலா."

அவன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து நல்லரத்தினத்தின் இடது உள்ளங்காலில் வைத்து அழுத்தினான்.

அன்னப்பூரணி கத்தினாள். நல்லரத்தினம் கூரையில் கரி படிந்த வளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தோல் வேகும் மணம் அவனுக்கே வந்தது. நோவு காலில் ஏறி நெஞ்சுக்குள் வந்து நின்றது. முகத்தில் ஒரு தசையையும் அவன் அசையவிடவில்லை. சிகரெட் அணைந்தது. ஆமிக்காரன் அதைக் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான்.

அடுத்த கட்டிலில் தங்கராசா ஊன்றுகோலோடு எழும்பி நின்றான், மரியாதைக்கு. அவனைக் கொண்டுபோனார்கள். ஊன்றுகோல் வாசலிலேயே விழுந்து கிடந்தது. டொக்டர் இரண்டு தரம் முகாமுக்குப் போய்க் கேட்டார். அப்படி ஒரு ஆளைத் தாங்கள் கொண்டுவரவில்லை என்றார்கள்.

அன்று பின்னேரம் டொக்டர் தீக்காயத்தைப் பார்த்தார்.

"இது நொந்ததா?"

"இல்ல டொக்டர்."

"கொஞ்சமும் தெரியல்லயா?"

"ஒண்டும் தெரியல்ல."

டொக்டர் பெருமூச்சு விட்டு இடது காலுக்குப் பூச்சியம் போட்டார். அன்னப்பூரணி காயத்துக்கு மருந்து கட்டினாள். அவளுடைய விரல் பட்ட ஒவ்வொரு தடவையும் அவனுக்கு உயிர் போய் வந்தது.

ஆனியில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வர வேண்டும். வீடு அன்னப்பூரணியின் சீதன வீடு. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே அக்கா வவுணதீவில் கலியாணம் முடித்திருந்தாள். அங்கே போனதும் அன்னப்பூரணியிடம் சொல்லிவிடுவதாகத்தான் நல்லரத்தினம் நினைத்திருந்தான்.

வாவிக்கு மேற்கே இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் போய் இறங்கிய கிழமையே இரண்டு பேர் வந்தார்கள். அன்னப்பூரணி போர்வையை விலக்கிக் காட்டி அழுதாள். குழாயைக் காட்டினாள். வந்தவர்களில் மூத்தவன் தலையைத் திருப்பிக்கொண்டு, "இந்த வீட்ட உடு," என்று மற்றவனிடம் சொன்னான். அந்த அழுகையை நல்லரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. உண்மை தெரிந்திருந்தால் அப்படி அழுதிருக்க மாட்டாள். தெரியாமல் இருப்பதுதான் இரண்டு பேருக்கும் காவல் என்று முடிவு செய்தான். பிறகு நாள் போகப் போக, சொல்வதற்கு வாய் வரவில்லை. இவ்வளவு காலமும் குண்டி கழுவ விட்டுவிட்டு, எனக்கு நடக்க ஏலும் என்று எப்படிச் சொல்வது?

அவள் வயலுக்கோ கடைக்கோ போன நேரங்களில் எழும்பினான். முதலில் தூணைப் பிடித்து நின்றான். பிறகு சுவரோடு சுவராக நடந்தான். ஆவணியில் பிடிமானம் இல்லாமலே உள்ளறைக்குள் சுற்றி வந்தான். காலடிச் சத்தம் கேட்டால் கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொள்வான். அவள் வந்து, வயிறு முன்னுக்குத் தள்ள, அவனுடைய கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கிக் கதிரையில் இருத்துவாள். அவன் பாரமெல்லாம் விட்டுத் தொங்குவான்.

கொக்கட்டிச்சோலைத் தேரன்று ஊரே கோயிலுக்குப் போயிருந்தது. அன்னப்பூரணிக்கு ஏழாம் மாதம். காலையில் அவனைத் தூக்கிக் கதிரையில் இருத்தும்போது அடிவயிற்றில் எதுவோ பிடித்து இழுத்தது. சொல்லவில்லை. அவனைத் திரும்பக் கட்டிலில் கிடத்திவிட்டு, அவனுடைய துணிகளைத் துவைக்கக் கிணற்றடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வாளி விழும் சத்தம் கேட்டது.

"இஞ்சருங்க... ஆரையும் கூப்பிடுங்களன்..."

நல்லரத்தினம் கட்டிலில் கிடந்தபடி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கத்தினான். "ஆச்சிப்பிள்ளக்கா! ஆச்சிப்பிள்ளக்கோ!" பக்கத்து வளவில் நாய் குரைத்தது. வேறு யாரும் இல்லை. அவள் முனகினாள். பிறகு வாய் விட்டு அலறினாள்.

அவன் எழும்பினான். நடந்து பின்வாசல் வரை போனான். கிணற்றுக் கட்டோடு அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். சீலை இடுப்புக்குக் கீழே இரத்தத்தில் ஊறியிருந்தது. முகம் மற்றப் பக்கம். அவளைத் தூக்குவதற்குத்தான் முதலில் காலை வைத்தான். தூக்கி? கரத்தை இல்லை, ஆள் இல்லை. ஆட்கள் இருந்தது சந்தியில், இயக்கத்தின் முகாமில். அங்கே வாகனமும் இருந்தது, மருத்துவம் படித்த பெட்டையும் இருந்தாள். ஓடிப் போனால் வருவார்கள். வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவார்கள். பிறகு அவனைப் பார்ப்பார்கள்.

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது குழந்தை அழுதது. மெல்லிய சத்தம், பூனைக்குட்டி மாதிரி. இன்னொரு தரம் அழுதது. அவன் திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்து, தொண்டை அடைக்கும் மட்டும் ஆச்சிப்பிள்ளையைக் கூப்பிட்டான்.

ஆச்சிப்பிள்ளை பின்னேரம் தேர் பார்த்துவிட்டு வந்தபோது குழந்தை விறைத்திருந்தது. ஆண். அன்னப்பூரணி பிழைத்துக்கொண்டாள். கிடந்த பத்து நாளும் ஆச்சிப்பிள்ளைதான் இரண்டு பேருக்கும் சோறு ஊட்டினாள். "பாவம் அந்தப் பொடியன், கத்திக் கத்திக் குரலே போயிற்று. கால் இருந்தா பாஞ்சிருப்பான்," என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஐப்பசியில்தான் மறுபடி கிளினிக்குக்குப் போனார்கள். டொக்டர் யோகராசா முதலில் கால்களைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார். இடது கெண்டைக்காலை இரண்டு தரம் அளந்தார். உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு இடது குதிகாலின் கீழே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வலது கால மட்டும் ஏலுமானவரைக்கும் உயர்த்துங்க," என்றார்.

வலது கால் கொஞ்சம் தூக்கும் என்பது முன்னமே எல்லாருக்கும் தெரிந்த விசயம். நல்லரத்தினம் வழக்கம்போலத் தூக்கினான்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் தூக்கினான். டொக்டரின் முகம் மாறியதை அவன் காணவில்லை. "நல்லம். படுங்க," என்றுவிட்டு அவர் அன்னப்பூரணியை வெளியே கூப்பிட்டார்.

விறாந்தையில் வைத்து அவர் சொன்னார். சொல்லும்போது சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

"தங்கச்சி, உங்கட ஆளுக்கு இடது காலும் வேலை செய்யுது. அவர் மறைக்கிறார்."

அவளுக்கு விளங்கவில்லை.

"ஒரு மனிசன் படுத்துக்கொண்டு ஒரு கால உயர்த்தினா, மற்றக் கால் தன்னாலயே கட்டில அழுத்தும். நினைச்சுச் செய்யிறதில்ல, நிப்பாட்டவும் ஏலா. செத்த கால் அழுத்தாது. அவர்ர இடது குதிகால் என்ர கைய நசுக்கிப் போட்டுது. பாதத்தப் பாருங்க. மிதிக்காத கால் பஞ்சுமாதிரி இரிக்க வேணும். இது காய்ச்சுப் போய்க் கிடக்கு. இவர் நடக்கிறார்."

அந்தப் பாதத்தை அவள் நாளும் கழுவினாள். அந்தத் தடிப்பைச் சிகரெட் சுட்ட வடு என்று நினைத்திருந்தாள்.

"எப்ப துவக்கம் டொக்டர்?"

"கனகாலம். இந்தச் சதை ஒரு மாசத்தில வராது."

"தேர் நேரம் நடந்திருப்பாரா?"

"கொக்கட்டிச்சோலைத் தேரா? நல்லா நடந்திருப்பார். பயம் தங்கச்சி, எனக்கு விளங்குது, தங்கராசாவக் கொண்டுபோனத அவர் கண்ணால பாத்தவர். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனா மாசியில எங்களுக்குக் காசு தாற நாட்டில இருந்து ரெண்டு டொக்டர்மார் வருகினம். அவயளுக்கு முன்னால இவர் நாலு அடி வெச்சாக் காணும். இந்த வார்ட்டு நிலைச்சிரும். நீங்கதான் மெல்லக் கதைச்சுச் சம்மதிக்க வைக்கோணும்."

அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை செத்ததை அவரிடம் சொல்லவில்லை. அவரும் வயிற்றைப் பார்த்துக் கேட்கவில்லை.

"அவருக்கு நடக்க ஏலா டொக்டர்," என்றாள்.

"நான் இப்பத்தானே..."

"நீங்க படிச்சவங்க. ஆனா நாளும் பொழுதும் தூக்கிற ஆள் நான். அவருக்கு ஏலா."

உள்ளே போய், கக்கத்துக்குள் கை கொடுத்து, அவனைத் தூக்கிச் சில்லுக்கதிரையில் இருத்தினாள்.

வீட்டுக்கு வந்த அன்று பொழுதுபடும் நேரம் எண்ணெய் தேய்ப்பதாகச் சொல்லிக் கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். இடது குதிகாலின் கீழே உள்ளங்கையை வைத்தாள். "வலது கால ஒருக்கா உயர்த்துங்க, எண்ணெ பூச," என்றாள். அவன் உயர்த்தினான். குதிகால் அவள் கையில் பாரமாக அழுந்தியது. இன்னும் உயர்த்தச் சொன்னாள். இன்னும் அழுந்தியது. அவள் கையை எடுக்கவில்லை. அவன் கால் நோகிறது என்று சொல்லி இறக்கும் வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணெயைப் பூசி முடித்து, சோறு காய்ச்சப் போனாள்.

கார்த்திகையில் இயக்கம் அவர்களுடைய வளவுக்கு நேரெதிரே, ஒழுங்கை முடக்கில் ஒரு காவலரண் கட்டியது. மூன்று நான்கு பொடியன்மார் எந்நேரமும் அதில் இருந்தார்கள். மழை பெய்யாத ஒரு காலை அன்னப்பூரணி அவர்களிடம் போனாள்.

"தம்பிமார், எங்கட மனிசன் உள்ளுக்கே கிடந்து புழுங்குறார். கட்டில ஒருக்கா முன்கொட்டிலுக்குத் தூக்கித் தாங்களன்."

பொடியன்மார் வந்தார்கள். நல்லரத்தினத்தைக் கட்டிலோடு பக்குவமாகத் தூக்கி, நாலு தூணும் கிடுகுமாக நின்ற கொட்டிலில் வைத்தார்கள். காவலரணிலிருந்து பார்த்தால் அவனுடைய விரல் அசைந்தாலும் தெரியும். ஒருத்தன், "இனிப் பேச்சுத் துணைக்கு நாங்க இரிக்கம் அண்ணன்," என்றான்.

அவர்கள் போனபிறகு நல்லரத்தினம், "உள்ளுக்கே நல்லம் புள்ள. தூவானம் அடிக்கும்," என்றான்.

"காத்து வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவன் எழும்பவில்லை. எழும்ப ஒரு நேரமும் கிடைக்கவில்லை. பகலில் அவர்கள் பார்த்தார்கள். இரவில் அவர்களுடைய டோர்ச் வெளிச்சம் கொட்டிலைத் தடவிப் போகும். கிளினிக்குக்குப் போவதையும் அன்னப்பூரணி விட்டுவிட்டாள். துறையில் கெடுபிடி என்றாள். அது பாதி உண்மை. மாரி பிடித்தது. தூவானம் அடித்தால் சாக்கை மறைத்துக் கட்டினாள். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குக் குழாய், நேரத்துக்குப் புரட்டல். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது.

தை மாதம் ஒரு மத்தியானம். எதிரே பொடியன்மார் அடுப்பு மூட்டிக் கறி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அன்னப்பூரணி கட்டிலோரம் இருந்து அவனுக்குச் சோறு ஊட்டினாள். அவன் வாயில் வைத்ததை விழுங்காமல் அவளையே பார்த்தான்.

"புள்ள," என்றான் மிக மெல்ல. "எனக்கு நடக்க ஏலும்."

"தெரியும்."

அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"எப்ப தெரியும்?"

"வாயத் திற. அவங்க பாக்காங்க."

அவன் வாயைத் திறந்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை.

"அண்டைக்கு எழும்பினயா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எங்க மட்டும் வந்த?"

"பின்வாசல் மட்டும்."

"என்னக் கண்டயா?"

அவன் கண்ணை மூடினான். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீரை அவள் முந்தானையால் துடைத்தாள். எதிரே இருந்தவர்களுக்கு அது மனைவி முகம் துடைப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

"கண்டன்."

"பிள்ள அழுதது கேட்டதா?"

"கேட்டுது. ரெண்டு தரம்."

"மூண்டு தரம்," என்றாள் அன்னப்பூரணி. "மூண்டாவது மெல்ல அழுதவன். நீ மறுகாப் போய்ப் படுத்திட்டாய்."

காவலரணில் யாரோ சிரித்தார்கள். கறி வாசம் வந்தது.

"என்ன மன்னிச்சிரு புள்ள. என்ன உள்ளுக்குக் கொண்டுபோ. கால் இறுகுது. இப்பிடியே கிடந்தா மெய்யாவே ஏலாமப் போயிரும்."

"நான் கட்டியா வெச்சிரிக்கன்? எழும்பு. எழும்பி நட. அங்கதான் இரிக்காங்க, போய்ச் சொல்லு. நான் தடுக்க மாட்டன்."

அவன் காவலரணைப் பார்த்தான். துவக்கு ஒன்று மண்மூட்டையில் சாய்ந்திருந்தது.

"அப்ப கிட," என்றாள். மிச்சச் சோற்றையும் ஊட்டி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, கோப்பையைக் கழுவப் போனாள்.

வயலில் களை பிடுங்கும்போது சிலவேளை நிமிர்ந்து ஊர்ப் பக்கம் பார்ப்பாள். அவன் எழும்பி ஒழுங்கையால் நடந்து வரம்புக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பாள். சத்தம் போட்டுத் துரத்துவாளா, ஓடிப்போய்ப் பிடிப்பாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. அவன் வரவில்லை.

மாசியில் டொக்டர் யோகராசாவே வாவியைக் கடந்து வந்தார். இரண்டு பக்கத்திலும் அனுமதி எடுத்து, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். வெளிநாட்டு டொக்டர்மார் வர ஒரு கிழமைதான் இருந்தது. கொட்டிலில் கிடந்தவனின் போர்வையை விலக்கியதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். முழங்கால்கள் மடங்கி நின்றுவிட்டன. குதிகால் தசைநாண்கள் கட்டையாகி, பாதங்கள் கீழ்நோக்கி வளைந்திருந்தன. நீட்டிப் பார்த்தார். நல்லரத்தினம் அலறினான். இந்தமுறை நோவை மறைக்கவில்லை.

டொக்டர் அன்னப்பூரணியைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன செய்து வெச்சிரிக்கிறாய்? என்ர வார்ட்டில ஆகத் திறமாத் தேறின ஆள் இவன்! இவனைப் படுக்க வெச்சுச் சாகடிச்சுப் போட்டாயே!"

அவள் அப்போதுதான் சொன்னாள். அந்த இடத்திலேயே, கிணற்றுக் கட்டைக் காட்டி, நாலைந்து வசனத்தில். டொக்டர் அந்தக் கட்டின் மேலேயே குந்திவிட்டார். "நான் உங்களிட்டச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

"சொன்னது நல்லம்."

"இப்பவும் பிந்தல்ல. குதிகால் தசைநாண வெட்டி நீட்டலாம். ஒரு வருசம் பயிற்சி குடுத்தா நடப்பார்."

"அவரிட்டக் கேளுங்க."

டொக்டர் கொட்டிலுக்குப் போய்க் கேட்டார். எதிரேயிருந்து ஒரு பொடியன் வேலியோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை. "போய்ச் சுகப்படுத்திக்கொண்டு வாங்க அண்ணன்," என்றான். "எங்களுக்கும் டிரக்டர் ஓட ஆள் இல்ல."

நல்லரத்தினம் டொக்டரின் முகத்தைப் பார்த்தான். பிறகு அன்னப்பூரணியைப் பார்த்தான். அவள் அடுப்படி வாசலில் நின்றாள்.

"வேணாம் டொக்டர்," என்றான். "இப்பிடியே இரிக்கன்."

வெளிநாட்டு டொக்டர்மார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மின்சாரம் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. நல்லரத்தினம் மின்சாரம் பிடித்தும் முன்னேறாத ஆட்களில் ஒருவன். டொக்டர் யோகராசா அவனுடைய குதிகால் அழுத்தியதை எழுதத்தான் நினைத்தார். ஆனால் எழுதினால் அதைக் காட்ட வேண்டும், காட்ட ஆள் இல்லை. அந்த ஆண்டு கடைசியில் காசு நின்றது. வார்ட்டை மூடினார்கள். மின்சாரப் பெட்டிகள் லொறியில் கொழும்புக்குப் போயின. அதன் பிறகு முதுகு முறிந்து வந்தவர்களுக்குச் சீட்டும் இல்லை, மின்சாரமும் இல்லை.

நல்லரத்தினம் இன்னும் இரண்டு வருடம் கிடந்தான். முதல் வருடத்தில் கெஞ்சினான். பிறகு அதையும் விட்டான். காவலரணைக் கழற்றிக்கொண்டு இயக்கம் வேறு இடத்துக்குப் போனபோது அவனுக்கு எழும்பிப் பார்க்க மனம் வந்தது. கைகளை ஊன்றிக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்து விழுந்தான். கால் இரண்டும் மடங்கினபடியே கிடந்தன. அன்னப்பூரணி வயலிலிருந்து வரும் வரைக்கும் மண்ணிலே கிடந்தான். அவள் ஒன்றும் கேட்காமல் தூக்கிக் கிடத்தினாள். அன்றைக்குக் கட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

கடைசியில் சிறுநீர்க் குழாயால் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. நெருப்பாகக் கொதித்தான். அன்னப்பூரணி நாலு நாளும் கண் மூடாமல் ஈரத்துணி போட்டாள். ஐந்தாம் நாள் காலையில் அவன் அவள் கையைப் பிடித்து எதுவோ சொல்ல வாயெடுத்தான். அவள் காதைக் கொண்டுபோனாள். சொல் வரவில்லை.

செத்த வீட்டுக்கு ஊர் திரண்டது. ஆச்சிப்பிள்ளை தலைமாட்டில் இருந்து, இப்படி ஒரு பெண்சாதி இந்தப் பூமியில் ஆருக்குக் கிடைக்கும், மூன்று வருடம் மலசலம் அள்ளிப் பார்த்தாளே என்று ஒப்பாரி வைத்தாள். வந்த பெண்கள் எல்லாரும் அன்னப்பூரணியைக் கட்டிப்பிடித்து அதையே சொன்னார்கள். அவள் ஒருத்தருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுது முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெட்டியில் வைக்கும்போது மூடி மூடவில்லை. முழங்கால்கள் முட்டிக்கொண்டு நின்றன. பெட்டி செய்த கதிர்காமத்தம்பி இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தான்.

"தங்கச்சி, கால முறிச்சாத்தான் மூடும். செய்யட்டா?"

"செய்யுங்க," என்றாள்.

பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கதிர்காமத்தம்பியும் இன்னொருவனும் குனிந்தார்கள். ஒருவன் தொடையைப் பிடித்தான், ஒருவன் குதிகாலைப் பிடித்தான்.

"மெல்ல," என்றாள் அன்னப்பூரணி. அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அவருக்கு நோகும்."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆச்சிப்பிள்ளை அவளை அணைத்து உள்ளே கூட்டிப் போனாள். வெளியே எலும்பு முறியும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. மூடியை வைத்து ஆணி அடித்தார்கள்.